ராத்திரி எங்கே தங்குவது? குடும்ப வன்முறைச் சட்டங்கள் வேலை செய்யும் விதம்

வீட்டில் அடிவாங்கிய பெண் மகளிர் காவல் நிலையத்துப் படியேறியதும் அவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "கேஸ் போடணுமா, பேசி அனுப்பணுமா?" கேஸ் போட்டால் கணவர் ஜெயிலுக்குப் போவார், சம்பளம் நிற்கும், மாமியார் வீட்டுக் கதவு மூடிக்கொள்ளும். பேசி அனுப்பினால் அதே வீட்டுக்கு, அதே ஆளிடம், முன்பைவிடக் கூடுதல் கோபத்தோடு இருக்கிறவரிடம், அன்று ராத்திரியே திரும்ப வேண்டும். இரண்டுமே அவர் கேட்டு வந்தது அல்ல. பெரும்பாலானோர் கேட்டு வருவது மூன்று விஷயம்தான். அடி நிற்க வேண்டும், தலைக்கு மேல் கூரை இருக்க வேண்டும், பிள்ளைகளுக்குச் சாப்பாடும் பள்ளிக் கட்டணமும் வர வேண்டும்.

இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1983 முதல் இருந்த 498அ பிரிவு இவற்றில் எதையும் தராது. அது தண்டனைச் சட்டம். கணவரோ அவருடைய உறவினரோ கொடுமை செய்தால் 3 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். 2024 ஜூலை 1 முதல் அதே குற்றம், பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86 பிரிவுகளில் இருக்கிறது. உடனே பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள் என்ற எண்ணமும் பழையது. 7 ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் தேவை இருந்தால் ஒழியக் கைது கூடாது, முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எஃப்.ஐ.ஆர். போட்ட அன்றும் ராத்திரி எங்கே தங்குவது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

அந்தக் கேள்விக்காக எழுதப்பட்டதுதான் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். 2006 அக்டோபர் 26-இல் நடைமுறைக்கு வந்தது. மனு போவது குற்றவியல் நடுவரிடம் (மாஜிஸ்திரேட்), ஆனால் கேட்கும் நிவாரணங்கள் உரிமையியல் தன்மை கொண்டவை. இங்கே யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏறுவதில்லை. நீதிமன்றம் தரும் உத்தரவை மீறினால் மட்டும் அது குற்றம். இரண்டு வழிகளில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் இல்லை. இந்தச் சட்டத்தில் மனு போட்டுவிட்டு, நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவிலும் புகார் கொடுக்கலாம். 2005 சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி, புகாரோடு வரும் பெண்ணிடம் இந்த இரு உரிமைகளையும், இலவசச் சட்ட உதவியையும், இந்தச் சட்டத்தின் கீழ் உதவ அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலர் இருப்பதையும் எடுத்துச் சொல்வது காவல் அதிகாரியின் கடமை. அந்தக் கடமைதான் நிலையத்து வாசலில் அதிகம் தவறிப்போகிறது.

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21), மணமான பெண்களில் கணவரின் உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ சந்தித்தவர்கள் இந்திய அளவில் 29 சதவீதம். தமிழ்நாட்டில் 38 சதவீதம். வன்முறைக்கு ஆளானவர்களில் யாரிடமாவது உதவி தேடியவர்கள் இந்திய அளவில் 14 சதவீதம்தான். ஆகவே நிலையத்துக்கோ நீதிமன்றத்துக்கோ வந்து சேருகிற பெண் ஏற்கெனவே பல தடைகளைத் தாண்டி வந்தவர். அவரைத் திருப்பி அனுப்புவது எவ்வளவு பெரிய தவறு என்பதை அந்த எண்ணே சொல்லும்.

வன்முறை என்று சட்டம் எதையெல்லாம் சொல்கிறது? உடல், பாலியல், சொல்லாலும் மனத்தாலும் செய்வது, பொருளாதாரம் என நான்கு வகை. நான்காவதைப் பலர் வன்முறை என்று எண்ணுவதே இல்லை. ஆனால் 2006 விதிகளோடு வந்த முதல் படிவத்தைப் பாருங்கள். வாடகை கட்டாமல் விடுவது, கரண்ட் பில் கட்டாமல் விடுவது, சொல்லாமல் நகையை அடகு வைப்பது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது, வீட்டின் ஒரு பகுதியைப் பயன்படுத்தவிடாமல் செய்வது எல்லாமே அதில் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கின்றன. கை ஓங்காமலேயே ஒருவரை மண்டியிட வைக்கலாம் என்பதைப் புரிந்துகொண்டு எழுதிய படிவம் அது.

பாலியல் வன்முறையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 18 வயது நிறைந்த மனைவியைக் கணவர் கட்டாயப்படுத்துவதை நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவு இன்னமும் வல்லுறவுக் குற்றத்திலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. 2005 சட்டமோ அதை வன்முறை என்கிறது. ஆகவே அந்தப் பெண்ணுக்குத் தடை உத்தரவு கிடைக்கும், இழப்பீடு கிடைக்கும், வல்லுறவு வழக்கு மட்டும் கிடையாது. ஒரே செயலை ஒரு சட்டம் வன்முறை என்றும் இன்னொன்று குற்றமில்லை என்றும் சொல்வதை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது.

மனு போட மனைவியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மகனிடம் அடிபடும் தாய், அண்ணனிடம் அவதிப்படும் தங்கை, அப்பாவிடம் வதைபடும் மகள், மச்சினர் விரட்டும் விதவை என ஒரே வீட்டில் உறவாக வாழ்ந்த எந்தப் பெண்ணும் போடலாம். தாலி கட்டாமல் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு, 2010-இல் வேலுசாமி எதிர் பச்சையம்மாள் என்ற தமிழ்நாட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் அளவுகோல் வைத்தது: ஊருக்குக் கணவன் மனைவியாகத் தெரிய வேண்டும், மண வயது இருக்க வேண்டும், இருவரும் சட்டப்படி மணம் செய்யத் தகுதி உள்ளவர்களாக இருக்க வேண்டும், கணிசமான காலம் விரும்பிச் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனை, மணமான ஆண் ஒருவரோடு பல ஆண்டு வாழ்ந்த பெண்ணை வெளியே நிறுத்திவிடுகிறது. யார் மீது மனு போடலாம் என்பதில் 2016-இல் ஒரு மாற்றம் வந்தது. "வயதுவந்த ஆண்" என்றிருந்த சொல்லை ஹிரல் ஹர்சோரா வழக்கில் உச்ச நீதிமன்றம் நீக்கியதால், மாமியார், நாத்தனார் மீதும் மனு போடலாம். ஆனால் வீட்டை விட்டு வெளியேறு என்று ஒரு பெண்ணுக்கு உத்தரவிட 19-ஆம் பிரிவு இடம் தரவில்லை.

சட்டத்தின் நடுத்தூண் வீடுதான். சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமை அந்தப் பெண்ணுக்கு உண்டு, பத்திரத்தில் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உண்டு என்கிறது 17-ஆம் பிரிவு. சட்டம் நடைமுறைக்கு வந்த சில வாரங்களிலேயே இதை ஒரு தீர்ப்பு பாதியாக வெட்டியது. 2006 டிசம்பரில் பத்ரா வழக்கில், வீடு கணவருடையதாகவோ அவர் வாடகைக்கு எடுத்ததாகவோ அவர் உறுப்பினராக உள்ள கூட்டுக் குடும்பத்துடையதாகவோ இருந்தால்தான் உரிமை என்றது உச்ச நீதிமன்றம். விளைவை ஊகிப்பது கடினமல்ல. மாமனார் பெயரிலோ மாமியார் பெயரிலோ வீடு இருந்தால் மருமகள் தெருவில். நம் ஊர்களில் எத்தனை இளம் தம்பதிகள் சொந்தப் பத்திரம் உள்ள வீட்டில் குடியிருக்கிறார்கள்? 14 ஆண்டு இப்படிப் போனது. 2020 அக்டோபர் 15-இல் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பு சரியல்ல என்றது. வீடு யார் பெயரில் இருந்தாலும், ஓரளவு நிலையாக அங்கே வாழ்ந்திருந்தால் அது சேர்ந்து வாழ்ந்த வீடுதான். அதே தீர்ப்பு, இது மாமனார் மாமியாரின் நிம்மதியையும் சேர்த்து எடைபோட வேண்டிய உரிமை, அசைக்க முடியாத உரிமை அல்ல என்றும் சொல்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் வனிதா வழக்கில் இன்னொரு பின்வாசலும் அடைபட்டது. மூத்த குடிமக்கள் சட்டத்தில் கோட்டாட்சியரிடம் மனு போட்டு மருமகளைச் சட்டென வெளியேற்றும் வழக்கம் இருந்தது. தங்கும் உரிமையை அப்படித் தாண்டிப் போக முடியாது என்றது நீதிமன்றம்.

இதையெல்லாம் ஒரு மனுவாக மாற்றும் இடத்தில்தான் பெரும்பாலான வழக்குகள் தோற்கவோ ஜெயிக்கவோ செய்கின்றன.

முதலில் ஆஸ்பத்திரி. அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் காயத்தோடு போனால் பணியிலிருக்கும் மருத்துவர் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் பதிவு எழுதுவார். எப்படி அடிபட்டது என்று அவர் கேட்கும்போது பக்கத்தில் கணவரோ மாமியாரோ நிற்பார்கள். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்று அந்தப் பெண் சொல்வார். அந்த ஒரு வரி இரண்டு ஆண்டு கழித்துக் குறுக்கு விசாரணையில் அவருக்கு எதிராக வாசிக்கப்படும். "தெரிந்த ஒரு நபர், வீட்டில் வைத்து, இன்ன தேதி இத்தனை மணிக்கு, கையால் அடித்ததாக" என்று பதிவானால் அதே காகிதம் அவருக்குச் சாட்சி. பெயரைச் சொல்லப் பயமாக இருந்தாலும் "தெரிந்த நபர் அடித்தார்" என்ற அளவுக்காவது சொல்லிவிட வேண்டும். உடன் வந்தவரை வெளியே நிற்கச் சொல்லும் மருத்துவரோ செவிலியரோ எந்த வக்கீலையும்விடப் பெரிய உதவி செய்கிறார்.

அடுத்து மனு. இரண்டாம் படிவத்தில் 12-ஆம் பிரிவின் கீழ் போட வேண்டும். அந்தப் பெண்ணே போடலாம், பாதுகாப்பு அலுவலர் வழியாகவும் போடலாம். அலுவலர் தயாரிக்கும் குடும்பச் சம்பவ அறிக்கை (டி.ஐ.ஆர்.) இல்லாமல் மனுவை எடுக்க மாட்டோம் என்று சில இடங்களில் திருப்பி அனுப்புவார்கள். அது தேவையில்லை என்று 2022 மே மாதம் பிரபா தியாகி வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. அம்மா வீட்டுக்கு வந்துவிட்டால் அந்த ஊர் நீதிமன்றத்திலேயே மனு போடலாம், தற்காலிகமாகத் தங்கியிருந்தாலும் போதும். ஓராண்டுக்குள் போட வேண்டும் என்ற கெடுவும் 12-ஆம் பிரிவு மனுவுக்கு இல்லை என்பது 2022 ஏப்ரலில் காமாட்சி எதிர் லட்சுமி நாராயணன் வழக்கில் முடிவானது. வக்கீல் கட்டணத்துக்கு வழியில்லையே என்று தயங்க வேண்டியதில்லை. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் வக்கீல் தருவார்கள். தொலைபேசி எண் 15100.

மனுவில் என்ன எழுதுவது? நீதிமன்றக் கட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் வரி இப்படி இருக்கும்: "எதிர்மனுதாரர் திருமணமான நாள் முதல் மனுதாரரை உடல்ரீதியாகவும் மனரீதியாகவும் சொல்லொணாக் கொடுமைக்கு ஆளாக்கி வந்தார்." இதை வைத்துக்கொண்டு எந்த நடுவராலும் ஒன்றும் செய்ய முடியாது. கீழே உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: "2024 மார்ச் 9, சனிக்கிழமை இரவு சுமார் 10 மணிக்கு, மகனின் பள்ளிக் கட்டணத்துக்குப் பணம் கேட்டேன். எதிர்மனுதாரர் என் இடது கன்னத்தில் இரண்டு முறை அறைந்தார். காதில் ரத்தம் வந்தது. சத்தம் கேட்டு மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்தார். மறுநாள் காலை அரசு மருத்துவமனையில் காட்டினேன். ஏ.ஆர். நகல் இணைத்துள்ளேன்." தேதி, நேரம், காரணம், உடலின் எந்தப் பகுதி, யார் பார்த்தார், என்ன காகிதம் இருக்கிறது. இப்படி மூன்று சம்பவம் போதும். தேதி சரியாக நினைவில்லை என்றால் "2023 ஆடி மாதம், அத்தை வீட்டு விசேஷத்துக்கு முந்தின நாள்" என்று எழுதலாம். தெரியாத தேதியைக் கற்பனை செய்து எழுதினால் மொத்த மனுவும் ஆட்டம் காணும்.

கோரிக்கைப் பகுதியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 18-ஆம் பிரிவு பாதுகாப்பு உத்தரவு: அடிக்காதே, வேலையிடத்துக்கு வராதே, போன் செய்யாதே. 19-ஆம் பிரிவு தங்கும் உத்தரவு: வீட்டை விட்டு வெளியேற்றாதே, நீ வெளியேறு, வீட்டை விற்காதே, வேறு வீடு எடுத்துக் கொடு அல்லது வாடகை கட்டு. 20 பணம், 21 குழந்தை, 22 இழப்பீடு. இதில், மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் என்ற 31-ஆம் பிரிவின் பல், பாதுகாப்பு உத்தரவைத்தான் குறிப்பிட்டுச் சொல்கிறது. ஆகவே "வீட்டில் தங்குவதைத் தொந்தரவு செய்யக் கூடாது" என்பதை 19-இல் மட்டும் கேட்டு நிறுத்தாமல் 18-இலும் கேட்டு வைப்பது நல்லது. கேட்பதையும் பிட்டுப் பிட்டு வைக்க வேண்டும். கதவு எண், எந்த மாடி, சாவி யாரிடம் இருக்க வேண்டும், மின் இணைப்பையும் தண்ணீரையும் துண்டிக்கக் கூடாது என்று எழுத வேண்டும். "வீட்டில் தங்க அனுமதிக்க உத்தரவிட வேண்டும்" என்று மொட்டையாகக் கேட்டு உத்தரவு வாங்கியவர்கள், பூட்டு மாற்றப்பட்ட கதவின் முன் காகிதத்தோடு நின்றிருக்கிறார்கள். உத்தரவை நிறைவேற்ற உதவும்படி காவல் நிலையத்துக்கு உத்தரவிடவும் 19-ஆம் பிரிவிலேயே இடம் இருக்கிறது. அதையும் கேட்க வேண்டும்.

முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள், முழு மனுவும் முதல் விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் எழுத்து. நடப்பில் வாய்தா மேல் வாய்தாவாக மாதங்கள் ஓடும், ஆண்டும் கடக்கும். முதல் முட்டுக்கட்டை நோட்டீஸ். அதை 2 நாளுக்குள் சேர்ப்பிப்பது பாதுகாப்பு அலுவலரின் வேலை. தமிழ்நாட்டில் இவர்கள் சமூக நலத்துறையின் கீழ், பெரும்பாலும் மாவட்டத்துக்கு ஒருவர். ஒரு முழு மாவட்டத்தின் நோட்டீஸ்களையும் அறிக்கைகளையும் ஒருவர் சுமந்தால் 2 நாள் கெடு எப்படி நிற்கும்? மாவட்ட, தாலுகா அளவில் அலுவலர்களை நியமிக்கும்படி 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட வேண்டி வந்தது, சட்டம் வந்து 20 ஆண்டு கழித்து. மனுதாரர் பக்கத்தில் செய்யக்கூடியது ஒன்று உண்டு: வீட்டு முகவரியோடு வேலை செய்யும் இடத்து முகவரியையும் மனுவில் தருவது. விதிகள் அங்கேயும் நோட்டீஸ் கொடுக்க அனுமதிக்கின்றன. "ஆள் இல்லை" என்று திரும்பி வருவது குறையும்.

அதைவிட முக்கியம், நோட்டீஸ் போகும் முன்பே இடைக்கால உத்தரவு வாங்க முடியும் என்பது. 23-ஆம் பிரிவின்படி எதிர்த்தரப்பைக் கேட்காமலே நடுவர் உத்தரவிடலாம். அதற்கு மூன்றாம் படிவத்தில் ஒரு பிரமாணப் பத்திரம் வேண்டும். இதைத் தனியாக வைக்காமல் மனுவை மட்டும் போட்டுவிட்டு, நோட்டீஸ் போய் எதிர்த்தரப்பு வக்காலத்து போட்டுப் பதிலுரை தரும் வரை காத்திருப்பவர்கள் ஏராளம். ஆபத்து இன்று ராத்திரி என்றால் அதை இன்றைய பத்திரத்தில் எழுதியாக வேண்டும்.

பணத்துக்கு 2020 நவம்பரில் வந்த ரஜனீஷ் எதிர் நேஹா தீர்ப்பு வழி காட்டுகிறது. இரு தரப்பும் சொத்து, கடன், வருமானத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். தொகை மனுப் போட்ட தேதியிலிருந்து கணக்காகும். கணவர் சம்பளக்காரர் என்றால் நேரடியாக நிறுவனமே பிடித்துத் தரும்படி 20-ஆம் பிரிவில் கேட்கலாம். உத்தரவிட்டும் தராவிட்டால் ஜீவனாம்ச பாக்கியைப் போலவே வாரண்ட் மூலம் வசூலிக்க வேண்டும். இங்கே ஒரு பொறி உண்டு. பாக்கி விழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் கேட்காவிட்டால் அந்தத் தொகைக்கு வாரண்ட் கிடைக்காது. "மொத்தமா சேர்த்துக் கேட்டுக்கலாம்" என்று இரண்டு வருஷம் விட்டவர்கள் ஒரு வருஷப் பணத்தை இழக்கிறார்கள்.

இனி நிலையத்தில் "எழுதி வாங்கி அனுப்பும்" வழக்கம். புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வந்ததற்கான சீட்டு, எஃப்.ஐ.ஆர். அல்ல) போட்டு, இருவரையும் உட்கார வைத்துப் பேசி, "இனி அடிக்க மாட்டேன்" என்று கணவரிடம் கையெழுத்து வாங்கி, சமாதானம் என்று முடித்துவிடுவார்கள். அந்தக் காகிதத்தை மீறினால் என்ன ஆகும்? தனியாக ஒன்றும் ஆகாது. அதே வாக்கியம் நடுவரின் பாதுகாப்பு உத்தரவில் இருந்தால், மீறியதும் அது பிணையில் விட முடியாத குற்றம். அந்தப் பெண்ணின் சாட்சியம் ஒன்றை மட்டும் வைத்தே குற்றம் நிரூபணமானதாக நீதிமன்றம் முடிவுக்கு வரலாம் என்கிறது 32-ஆம் பிரிவு. சேர்ந்து வாழ விரும்பும் பெண்ணுக்கும் இதுதான் நல்லது. சமாதானத்தையே நீதிமன்றத்தில் பதிவு செய்து உத்தரவாக வாங்கிக்கொள்ளலாம்.

இலங்கையும் அதே 2005-இல்தான் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது, இலக்கம் 34. கட்டுமானம் வேறு. அங்கே பாதிக்கப்பட்டவர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. முதிய தந்தையும் மகனுக்கு எதிராக நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். பொலிஸ் உத்தியோகத்தரும் அவர் சார்பில் விண்ணப்பிக்கலாம். முதலில் 14 நாளுக்கு இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை, அதற்குள் விசாரணை, பிறகு 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை. இந்த வேகம் இந்தியச் சட்டத்தில் நடப்பில் கிடைப்பதில்லை. ஆனால் பொருளாதார வன்முறை அந்தச் சட்டத்தின் வரையறையில் இல்லை. மனவதையும் பாரதூரமான, தொடர்ச்சியான நடத்தையாக இருந்தால்தான் கணக்கு. தாபரிப்புக்கு (ஜீவனாம்சம்) 1999-இன் வேறொரு சட்டத்தின் கீழ் வேறொரு வழக்கு. பாதுகாப்பு அலுவலர் என்ற பதவியும் இல்லை. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் லயன் அறை, அதாவது தொழிலாளர் வரிசை வீடு, தோட்ட நிர்வாகத்துடையது, குடும்பத்தின் பிழைப்பும் அதே தோட்டத்தில். அடிப்பவரை அறைக்குள் வராதே என்று கட்டளையிட்டாலும் அடுத்த அறையில் இருப்பது அவருடைய அண்ணனாக இருக்கலாம். உதவி கேட்க மகளிர் தொலைபேசி எண் 1938.

மலேசியாவின் 1994 சட்டம் பாதுகாப்பைப் பொலிஸ் விசாரணையோடு முடிச்சுப் போட்டது. இடைக்காலக் கட்டளை விசாரணை நடக்கும் வரை, பாதுகாப்புக் கட்டளை குற்ற வழக்கு நடக்கும்போது. குற்றப் புகார் வேண்டாம் என்று நினைப்பவருக்கு அது இடைஞ்சல். ஆனால் 2017 திருத்தத்தில் அவர்கள் செய்த ஒரு காரியத்தை நாமும் எடுத்துக்கொள்ள வேண்டும். அவசரப் பாதுகாப்புக் கட்டளையைச் சமூக நல அதிகாரியே, நீதிமன்றம் போகாமல், விண்ணப்பம் வந்த 2 மணி நேரத்துக்குள் தரலாம். அது 7 நாள் செல்லும்.

தமிழ்நாட்டில் சனிக்கிழமை ராத்திரி 11 மணிக்கு அடிவாங்கி வெளியே வரும் பெண்ணுக்கு அப்படி ஒரு காகிதம் தரும் அதிகாரி யாரும் இல்லை. நடுவர் நீதிமன்றம் திங்கட்கிழமை காலையில்தான். அந்த இடைவெளியில் இருப்பவை: 181 மகளிர் உதவி எண், அவசரத்துக்கு 112, மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையம். அங்கே 5 நாள் வரை தங்கலாம், பெண் குழந்தைகளையும் சிறு வயது ஆண் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போகலாம். கிளம்பும்போது கையில் எடுக்க முடிந்தால் ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, வாடகை ரசீதோ அந்த முகவரிக்கு வந்த சமையல் சிலிண்டர் பில்லோ. கடைசியாகச் சொன்ன அந்தச் சின்னக் காகிதம்தான், திங்கட்கிழமை நடுவர் முன், "இது நான் வாழ்ந்த வீடு" என்று சொல்லப்போகும் முதல் சான்று.